பிரைமரி வேறு, செகண்டரி வேறு: அக்கா மகளுக்குக் காலேஜ் தேடிய கதை

2024 மே 6, காலையில் பிளஸ் டூ ரிசல்ட். கீழமாசி வீதியில் குட்டியானையில் பிஸ்கட் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். உசிலம்பட்டியிலிருந்து அக்கா போன் செய்தாள். "பாப்பா நல்ல மார்க்கு தம்பி" என்றாள். குரலில் சந்தோஷமே இல்லை. என்னக்கா என்று கேட்டதும் கொட்டிவிட்டாள். "காமர்ஸ் படிச்சா, சி.ஏ.வுக்குப் போவான்னு இருந்தோம். இவ மார்க்கெட்டிங்தான் படிப்பேங்கிறா. எல்லாம் உன்னையப் பாத்துத்தான்."

எனக்கு இந்தத் தொழிலில் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2003-இல் சைக்கிளில் லைன் போகிற, அதாவது கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்கிற சேல்ஸ்மேனாக ஆரம்பித்தேன். இப்போது சோப்பு, பிஸ்கட், மசாலா என்று நாலைந்து கம்பெனிக்குச் சின்ன ஏஜென்சி நடத்துகிறேன். சேல்ஸுக்கென்று தனியாக ஒரு படிப்பு இருக்கிறது என்பதே எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரியும். அதனால் அக்கா பழியை என்மேல் போட்டபோது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. மச்சான் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "கடை கடையா ஏறி இறங்குறதுக்கு எதுக்குப்பா டிகிரி?"

அவருக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், பாப்பாவுக்கு இந்த வேலை பிடிக்குமா என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. விளம்பரம், ரீல்ஸ், பிராண்ட் என்று மார்க்கெட்டிங்கின் மினுக்கு முகத்தைப் பார்த்து வருகிற பிள்ளைகள் நிறைய. மூன்று வருஷம் படித்துவிட்டு வெளியே வந்தால் பெரும்பாலோருக்கு முதலில் கிடைப்பது சேல்ஸ்தான். வெயில், டார்கெட், "அப்புறம் வாங்க" என்கிற கடைக்காரர்.

புதன்கிழமை செக்கானூரணி லைனுக்குக் கூட்டிப்போனேன். முப்பத்து நாலு கடை. முதல் இரண்டு கடையில் என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். மூன்றாவது கடையில் அண்ணாச்சி எடுத்ததுமே, "போன மாசச் சரக்கே அப்படியே கிடக்கு, முதல்ல டேமேஜை எடுங்க" என்று சலித்துக்கொண்டார். நான் வழக்கம்போல ஸ்கீம் பேசிக்கொண்டிருந்தேன். இவள் சரம் சரமாகத் தொங்கிய பாக்கெட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணே, பத்து ரூபா பாக்கெட்டு இல்லையா?" என்று கேட்டாள். "கேக்குறாக பாப்பா. உங்க மாமாதான் கொண்டுவர்றதில்ல. முப்பது ரூபா பாக்கெட்டையே தலையில கட்டுறாரு."

உண்மைதான். அந்த மாதம் முப்பது ரூபாய் பாக்கெட்டுக்குத்தான் எனக்கு இன்சென்டிவ். இருபது வருஷ அனுபவசாலிக்குப் படாதது பதினேழு வயதுப் பிள்ளைக்கு மூன்றாவது கடையிலேயே பட்டுவிட்டது. சாயங்காலம் அக்காவிடம், "இவ மார்க்கெட்டிங்கே படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

படிப்பு முடிவானது. எங்கே என்பதுதான் பெரிய வேலையாகிவிட்டது.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மதுரைக்கு வெளியே ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். ஏ.சி. போட்ட ரிசப்ஷன், கண்ணாடிக் கதவு, சுவரெல்லாம் கம்பெனி லோகோக்கள். டை கட்டிய பையன் ஒருவன் எங்களை உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தான். "சார், மார்க்கெட்டிங் ஸ்பெஷலைசேஷன்ல நாலு சீட்டுதான் இருக்கு. இன்னைக்கே புக் பண்ணா 5,000 குறைப்போம். நாளைக்குன்னா என்னால உறுதி சொல்ல முடியாது." மாதக் கடைசியில் டார்கெட் இடிக்கும்போது நான் கடைக்காரரிடம் பேசுகிற அதே வசனம். சொல்லுக்குச் சொல் அதேதான். அப்படியிருந்தும் 10,000 கட்டி ரசீது வாங்கினேன். விற்கத் தெரிந்தவனிடம்தான் விற்பது சுலபம் என்று எங்கள் பழைய ஏரியா மேனேஜர் சொல்வார்.

பத்து நாள் கழித்து வேண்டாம் என்று போனபோது ஜூஸ் இல்லை. "அட்வான்ஸ் திரும்ப வராது சார்." பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் விதிப்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குப் போதிய நாள் முன்னால் விலகுகிற மாணவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். நடைமுறைச் செலவு என்று ஒரு சிறு தொகையை மட்டும்தான் பிடிக்கலாம். ஒரிஜினல் சர்டிபிகேட்டைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிடித்து வைக்கக் கூடாது. இதை எழுத்தில் கேட்டு, நகலை யு.ஜி.சி.க்கு அனுப்பப்போகிறோம் என்று குறிப்பிட்டு, மூன்று தடவை நேரில் போய், ஏழு வாரம் கழித்துப் பணம் வந்தது. நல்லவேளை, டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் மற்ற இடங்களுக்கு எதைக் காட்டியிருப்போம்? அதனால் முதல் பாடம் இதுதான்: முடிவு செய்கிறவரை ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள், பணம் கட்டினால் எதற்கு என்று தெளிவாக எழுதிய ரசீது வாங்குங்கள்.

அந்த அடிக்கு அப்புறம்தான் என் தொழில் புத்தி வேலை செய்தது.

எங்கள் தொழிலில் பிரைமரி, செகண்டரி என்று இரண்டு உண்டு. கம்பெனி எனக்கு விற்பது பிரைமரி. நான் கடைக்கு விற்பது செகண்டரி. மாதக் கடைசியில் கம்பெனிக்காரர் என் குடோனில் நூறு பெட்டியை ஏற்றிவிட்டுப் போனால் அவர் கணக்கில் விற்பனை முடிந்தது. சரக்கு கடைக்குப் போனதா, அங்கிருந்து வீட்டுக்குப் போனதா என்பது வேறு கதை. பிரைமரியை மட்டும் பார்த்து ஏஜென்சி எடுத்தவன் எக்ஸ்பயரி ஆன சரக்கோடு உட்கார்ந்திருப்பான்.

கல்லூரிகள் சொல்கிற பிளேஸ்மென்ட் எண்ணிக்கை பிரைமரி. ஆஃபர் லெட்டர் கையில் கொடுத்ததும் அவர்கள் கணக்கு முடிந்தது. அந்தப் பிள்ளை வேலையில் சேர்ந்ததா, ஒரு வருஷம் கழித்தும் அங்கே இருக்கிறதா என்பதுதான் செகண்டரி. மார்க்கெட்டிங் படிப்புக்கு இது ரொம்ப முக்கியம். சேல்ஸ் வேலைக்கு ஆள் எடுப்பது சுலபம். மூன்று மாதம் டார்கெட் எட்டாவிட்டால் அனுப்புவதும் சுலபம். ஒரே பையனுக்கு மூன்று ஆஃபர் வந்தால் அதை மூன்று பிளேஸ்மென்ட் என்று எழுதுகிற இடமும் உண்டு.

ஆகவே எங்கே போனாலும் மூன்று கேள்வியை வைத்தோம். போன வருஷம் இந்த வகுப்பில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், என்ன வேலை? சொன்ன சம்பளத்தில் பிக்ஸட் எவ்வளவு, இன்சென்டிவ் எவ்வளவு? இரண்டு வருஷத்துக்கு முன்னால் முடித்த இரண்டு பேரிடம் பேச முடியுமா? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலான இடங்களில் முகம் மாறியது. ஒரே ஒரு கல்லூரியில் மட்டும் துறைத்தலைவர் மேடம் யோசிக்காமல் போனை எடுத்து, பைபாஸ் ரோடு ஷோரூம் ஒன்றில் வேலை பார்க்கும் பழைய மாணவியிடம் பாப்பாவைப் பேச வைத்தார். அந்தப் பெண் பத்து நிமிஷம் வேலையைப் பற்றிப் புலம்பினாள். புலம்பினாலும் இரண்டாவது வருஷமும் அதே வேலையில் இருந்தாள்.

எண்ணிக்கையை வேறு வழியிலும் சரிபார்க்கலாம். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016-இலிருந்து வருகிறது. அதில் கலந்துகொள்ளும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த விவரத்தைத் தங்கள் இணையதளத்திலேயே போட்டிருக்கும். முதல் வருஷம் சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் பட்டம் முடித்தவர்கள், வேலைக்குப் போனவர்கள், மேல்படிப்புக்குப் போனவர்கள், இடைநிலைச் சம்பளம் (எல்லார் சம்பளத்தையும் வரிசையாக வைத்தால் நடுவில் வருவது) எல்லாம் அதில் வரும். சராசரியை ஒரு பெரிய சம்பளம் தூக்கிவிடும். இடைநிலைச் சம்பளத்தில் அந்த வித்தை நடக்காது. நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருக்கும் "அதிகபட்ச பேக்கேஜ்" பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால் சில இடங்களில் சிரிப்பு வரும். ஒரு குறை: மூன்று வருஷப் படிப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்த கணக்கு அது. மார்க்கெட்டிங்கை மட்டும் பிரித்துப் பார்க்க முடியாது. அதற்குத்தான் துறையிலேயே போய்க் கேட்க வேண்டும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பின் கிரேடும் அப்படித்தான். கல்லூரி முழுவதற்கும் போட்ட மதிப்பெண் அது. உங்கள் வகுப்பில் யார் பாடம் எடுப்பார் என்று அது சொல்லாது.

அப்புறம் சிலபஸ். பாப்பா பென்சிலோடு உட்கார்ந்தாள். மதுரையில் பெயர் பெற்ற பழைய கல்லூரிகள் பல தன்னாட்சிக் கல்லூரிகள். பட்டம் காமராசர் பல்கலைக்கழகத்துடையது, பாடத்திட்டமும் பரீட்சையும் கல்லூரியுடையது. அதனால் மார்க்கெட்டிங் சொல்லிக்கொடுக்கிற பி.பி.ஏ. (வணிக நிர்வாகப் பட்டம்) எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ், இங்கிலீஷ், அலைட் பாடங்கள், சுற்றுச்சூழல் கல்வி என்று எல்லோருக்கும் பொதுவாகப் போவது போக, மார்க்கெட்டிங் என்று சொல்லத்தக்க பேப்பர்களை மட்டும் வட்டம் போடச் சொன்னேன். நுகர்வோர் நடத்தை, விற்பனை மேலாண்மை, சில்லறை வணிகம், சந்தை ஆய்வு, விளம்பரம், டிஜிட்டல் மார்க்கெட்டிங். "ஸ்பெஷலைஸ்டு" என்று நோட்டீஸ் அடித்த இடத்தில் ஆறு செமஸ்டருக்கும் சேர்த்து நாலு வட்டம். எந்த அடைமொழியும் சூட்டிக்கொள்ளாத சாதாரண பி.பி.ஏ. ஒன்றில் எட்டு. அதிலும் எலெக்டிவ் (விருப்பப் பாடம்) என்று எழுதியிருந்தால் விடாமல் கேளுங்கள். ஓரிடத்தில், "சேல்ஸ் மேனேஜ்மென்ட் யார் எடுக்கிறாங்க?" என்று கேட்டோம். "அது எலெக்டிவ் சார், போதுமான பிள்ளைங்க சேரல, இந்த வருஷம் ஓடல" என்றார்கள். காகிதத்தில் இருந்தது, வகுப்பில் இல்லை.

பட்டத்தின் பெயரையும் பாருங்கள். சான்றிதழில் என்ன பெயர் அச்சாகும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. யு.ஜி.சி. அங்கீகரித்த பட்டப்பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது, பி.பி.ஏ., பி.காம்., பி.வோக். எல்லாம் அதில் உண்டு. பட்டத்துக்குப் பின்னால் புதுமையான பெயர் நீண்டுகொண்டே போனால், பிற்பாடு அரசுத் தேர்வு எழுதும்போது இது எந்தப் பட்டத்துக்கு இணை என்ற கேள்வி வரும். அதற்கான அரசாணையைத் தேடி அலைய வேண்டியிருக்கும். மச்சானுக்கு இந்த ஒரு விஷயம் மட்டும் பிடித்துப்போனது. "குரூப் டூ எழுதலாம்ல?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். இன்னொன்று, 2024-25 கல்வியாண்டிலிருந்து பி.பி.ஏ., பி.சி.ஏ. படிப்புகள் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரத்தின் கீழ் வந்துவிட்டன. நாங்கள் தேடியது அந்த முதல் வருஷம். கல்லூரி அலுவலகத்தில் கேட்டபோது ஒருவர், "அதெல்லாம் எஞ்சினியரிங்குக்குத்தான் சார்" என்றார். அந்த அலுவலகத்தைப் பற்றி அப்போதே எனக்கு ஒரு அபிப்பிராயம் வந்துவிட்டது.

பணக் கணக்கில் சொல்ல அதிகமில்லை. ஒரே கல்லூரியில் அரசு உதவிபெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டு இருக்கும். வாசல் ஒன்று, கட்டணம் வேறு, சில இடங்களில் வகுப்பு நேரமும் வேறு. நாங்கள் பார்த்தவரை பி.பி.ஏ. சுயநிதியில்தான் அதிகம்; பி.காம். உதவிபெறும் பிரிவில் கிடைக்கும். பாப்பா ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பஸ்ஸுக்கும் டீக்கும் அப்பாவிடம் கைநீட்ட வேண்டாம் என்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. சுயநிதிப் பிரிவு சில இடங்களில் மத்தியானம் ஆரம்பித்து சாயங்காலம் முடிகிறது. ஆரப்பாளையம் வந்து தேனி பஸ் பிடித்து, நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டி போய்ச் சேர இருட்டிவிடும். அக்கா இதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. அதனாலேயே நல்ல சிலபஸ் இருந்த ஒரு கல்லூரியை விட்டோம். வருத்தம்தான். நகரத்திலேயே இருக்கிறவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. அந்த மத்தியான நேரத்தைப் பகுதிநேர வேலைக்குப் பயன்படுத்துகிற பிள்ளைகளையும் பார்த்தேன்.

ஒரு கல்லூரியின் உண்மை நிலவரம் அதன் எதிரே இருக்கிற டீக்கடையில் தெரியும். கடைசி வருஷப் பையன்கள் நாலு பேருக்கு வடை வாங்கிக் கொடுத்து, "தம்பி, இன்டர்ன்ஷிப் எங்க போனீங்க?" என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "போகல சார். தெரிஞ்ச கம்பெனியில லெட்டர்பேட்ல சீல் வாங்கிக் குடுத்தோம்." ஒரு மாதம் களத்தில் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். இன்னொரு கல்லூரியில் இரண்டாம் வருஷப் பிள்ளைகள் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைகளில் போய் நின்று, உள்ளே வருகிறவர் எந்தப் பக்கம் திரும்புகிறார், எதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைக்கிறார் என்று எண்ணி எழுதியிருந்தார்கள். கையெழுத்தில், அடித்தல் திருத்தலோடு, மூலையில் டீக்கறை படிந்த நோட்டு. பாப்பா அதைப் புரட்டியபோதே அவள் முடிவு எனக்குத் தெரிந்துவிட்டது. பழைய மாணவியிடம் பேசவைத்த அதே மேடத்தின் துறை அது.

சென்னைக்குப் போனால் வாய்ப்பு அதிகம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் சேல்ஸ் கற்றுக்கொள்ள மதுரையைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரியவில்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. மல்லிக்குப் புவிசார் குறியீடு வாங்கியது 2013-இல், சுங்குடிக்கு அதற்கும் முன்னால். அந்தக் குறியீட்டினால் பூ கட்டுகிற அம்மாவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டுப் போனாலே ஒரு செமஸ்டர் புராஜெக்ட். ஆழமாகப் போக எம்.பி.ஏ. இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதலாம். திருப்பரங்குன்றத்திலேயே 1962-இல் தொடங்கிய தியாகராசர் மேலாண்மைப் பள்ளி இருக்கிறது. எம்.பி.ஏ.விலும் முதல் வருஷம் பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுப் பாடம்தான்; மார்க்கெட்டிங் பேப்பர்களை இரண்டாம் வருஷம்தான் எடுப்பார்கள். பதினேழு வயதிலேயே ஒரு சின்ன ஸ்பெஷலைசேஷனுக்குள் பிள்ளையைப் பூட்டிவிட வேண்டிய அவசரம் எனக்குத் தெரியவில்லை. கணக்கு, பொருளாதாரம், நாலு பேர் முன்னால் பேசுகிற துணிச்சல், இவை இருந்தால் மற்றது பின்னால் வரும். டிஜிட்டல் மார்க்கெட்டிங்குக்கு மட்டும் மூன்று வருஷம் என்று விற்கிறவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அதில் இன்றைக்குச் சொல்லிக்கொடுக்கிற டூல் அவள் வெளியே வரும்போது இருக்குமோ, இருக்காதோ.

அந்த டீக்கறை நோட்டுக் கல்லூரியில், வட்டம் எட்டு விழுந்த சாதாரண பி.பி.ஏ.வில் சேர்ந்தாள். லோகோச் சுவர் இல்லை, ஜூஸும் கொடுக்கவில்லை. காலை வகுப்பு.

இப்போது இரண்டாம் வருஷம். போன மாதம் அவளுக்குப் புராஜெக்ட்: ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது எந்தெந்தக் கடையில் கிடைக்கிறது, எங்கே கிடைக்கவில்லை என்று சொந்த ஊரில் கணக்கெடுக்க வேண்டும். ஒரு ராத்திரி போன் செய்தாள்.

"மாமா, உங்க சோப்பைத்தான் எடுத்திருக்கேன். உசிலம்பட்டியில நாற்பது கடை பாத்தேன். எங்க தெருக் கடையில மட்டும் இல்ல. கேட்டா, உங்க ஆளு வந்து ஆறு மாசமாச்சுங்கிறாரு. ஏன் மாமா?"

"நாளைக்குச் சொல்றேன் பாப்பா" என்று போனை வைத்தேன். காலையில் முதல் வேலையாக லைன் பையனைக் கூப்பிட்டு, அந்தக் கடைக்கு ஒரு பெட்டி போடச் சொன்னேன். பத்து ரூபாய்ச் சோப்பாகவே போடு என்றும் சொன்னேன்.